கெயின் வேறு, வால்யூம் வேறு: பாடுகிறவர்களுக்கும் பேசுகிறவர்களுக்கும் மைக் செட் பற்றி ஓர் எளிய விளக்கம்

செட்டிநாட்டில் கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டில் அறுபதாம் கல்யாணம். வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், ஜமுக்காளம் விரித்து எங்கள் பஜனைக் குழு முருகன் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்தது. பேட்டரியில் ஓடும் சக்கரம் வைத்த ஸ்பீக்கரான ஒரு டிராலி பெட்டி, பல மைக்கின் குரலைக் கலந்து அனுப்பும் ஒரு சின்ன மிக்ஸர், பாடுகிறவர்களுக்கு இரண்டு மைக், ஹார்மோனியத்துக்கு ஒன்று. அவ்வளவுதான் எங்கள் சாமான். மூன்றாவது பாட்டு முடிந்ததும் தூணோரம் உட்கார்ந்திருந்த ஓர் ஆச்சி என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். "தம்பி, சத்தம் நல்லா வருது. சொல்லுதான் வரலை" என்றார்.

நான் வால்யூமைக் கூட்டினேன், இன்னும் மோசமாயிற்று. குறைத்தேன். சத்தம் குறைந்தது, ஆனால் குரலில் இருந்த கரகரப்பு அப்படியே இருந்தது. சின்னச் சத்தத்திலும் குரல் கிழிந்தது. அன்றைக்கு நான் திருக வேண்டிய திருகு அதுவே அல்ல என்பது நிகழ்ச்சி முடிந்து சாமானை எடுத்துக் கட்டும்போதுதான் புரிந்தது.

நம் ஊர்களில் மைக் செட்டைப் பற்றிப் பேசும்போது எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். "ஏத்துங்க." கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை என்றாலும் அதே சொல், பாடுகிறவருக்குத் தன் குரல் கேட்கவில்லை என்றாலும் அதே சொல். சொல் தெளிவாக இல்லை, மைக்கில் குரல் ஏறவில்லை என்றாலும் அதேதான். நான்கும் நான்கு வெவ்வேறு குறை. நான்குக்கும் ஒரே திருகைப் பிடித்து ஏற்றுவதால்தான் பாதிக் கச்சேரி "கொய்ங்" என்று ஊளையிடுவதிலேயே போய்விடுகிறது. மின்னணுவியல் படிக்காதவர்களும் புரிந்துகொள்ளும்படி இதை எழுதுகிறேன். நானும் அதைப் படித்தவன் இல்லை.

## காவடியும் நிலைவாசலும்

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகும் காவடியை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காவடியைத் தோளில் வைத்தபடி ஒருவர் நிலைவாசல் வழியாக வீட்டுக்குள் வருகிறார். நிமிர்ந்த நடையில் வந்தால் காவடியின் வளைவு மேல்நிலையில் இடிக்கும், மயிற்பீலி முறியும். வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் வளவில் வேண்டிய மட்டும் இடம் இருக்கிறது. இருந்து என்ன பயன்? வாசலில் முறிந்த பீலி வளவில் ஒட்டிக்கொள்ளாது.

இடித்துவிடுமே என்று பயந்து, ஒரு பேச்சுக்கு, தரையை ஒட்டித் தாழ்த்தி எடுத்து வந்தால் பீலி முறியாது. ஆனால் தரையில் இருக்கும் தூசி முழுக்க அதில் ஏறும். பிறகு எவ்வளவு உயரத் தூக்கினாலும் காவடியோடு தூசியும் சேர்ந்தே உயரும்.

மைக்கிலிருந்து வரும் குரலும் பெட்டிக்குள் இப்படி ஒரு வாசல் வழியாகத்தான் நுழைகிறது. அந்த வாசலில் குரல் எவ்வளவு உயரமாக நுழைய வேண்டும் என்று முடிவு செய்வதுதான் கெயின். குரல் உள்ளே வந்த பிறகு அதை வெளியே எவ்வளவு சத்தமாக அனுப்புவது என்பது வால்யூம். வாசலில் நடந்த தவறை வளவில் சரிசெய்ய முடியாது. எனக்கு இது புரிவதற்கு மூன்று வருடம் ஆயிற்று. புரிந்த பிறகு மற்ற எல்லாம் ஒரு மாதத்தில் விளங்கிவிட்டது.

மேல்நிலையில் இடிப்பதற்குப் பெயர் கிளிப்பிங். குரல் ஒரு அலை, மேலும் கீழும் வளைந்து வளைந்து போவது. மின்சுற்றால் தாங்க முடிந்த உயரத்தைவிட அலை பெரிதாக வந்தால் அதன் உச்சி தட்டையாக வெட்டுப்பட்டுவிடும். வெட்டுப்பட்ட இடத்தில், பாடுகிறவரின் குரலில் இல்லாத கூர்மையான ஒலிகள் புதிதாகப் பிறக்கின்றன. "குரல் கிழியுது" என்று நாம் சொல்வது அதைத்தான். சொற்களின் ஓரம் எல்லாம் இந்தப் புது ஒலிகளில் மூழ்கிவிடும். அந்த ஆச்சிக்குச் சத்தம் வந்து சொல் வராமல் போனதற்கு முதல் காரணம் இதுதான்.

தரையில் இருக்கும் தூசிக்குப் பெயர் இரைச்சல். எந்த மின்சுற்றிலும் யாரும் பாடாதபோதுகூட மெல்லிய "உஸ்ஸ்" ஒன்று இருந்துகொண்டே இருக்கும், அதை முழுக்க ஒழிக்க முடியாது. ஒரு பிடி அரிசியில் பத்துக் கல் கிடந்தால் சாப்பிட முடியாது. ஒரு மரக்கால் அரிசியில் அதே பத்துக் கல் கிடந்தால் பல்லில் தட்டுவது அபூர்வம். கல்லைக் குறைக்க முடியாதபோது அரிசியைக் கூட்டுவதே வழி. உள்ளே வரும் குரல் போதிய வலுவோடு வந்தால் இரைச்சல் காதில் படாது.

குரலின் உச்சிக்கும் மேல்நிலைக்கும் இடையே விட்டுவைக்கும் இடைவெளிக்கு ஹெட்ரூம் என்று பெயர். பாடகர் உணர்ச்சிவசப்பட்டு ஒரு எட்டு மேலே போனாலும் தலை இடிக்காமல் இருப்பதற்கான இடம் அது.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: கெயின் அதிகமானால் குரல் கிழியும், குறைந்தால் இரைச்சல் ஏறும். இரண்டையும் வால்யூம் திருகால் குணப்படுத்த முடியாது.

## மைக்கிலிருந்து பெட்டி வரை

மேடையில் நாம் சாதாரணமாகப் பிடிக்கும் மைக்குக்கு டைனமிக் மைக் என்று பெயர். உள்ளே ஒரு மெல்லிய சவ்வும் கம்பிச் சுருளும் காந்தமும் இருக்கும். குரல் பட்டுச் சவ்வு அதிர, சுருள் காந்தத்துக்குள் அசைந்து மின்சாரம் உண்டாகிறது. அது மிகச் சின்ன மின்சாரம், பொதுவாகச் சில மில்லிவோல்ட். மில்லிவோல்ட் என்றால் ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மிக்ஸரின் மற்ற பாகங்கள் வேலை செய்வதோ ஒரு வோல்ட்டை ஒட்டிய அளவில். ஆகவே மைக்கிலிருந்து வந்ததை முதலில் நூறு மடங்கோ ஆயிரம் மடங்கோ பெருக்கித்தான் உள்ளே விட வேண்டும். அந்த முதல் பெருக்கத்தைச் செய்யும் பகுதிக்கு ப்ரீஆம்ப் என்று பெயர். எத்தனை மடங்கு என்று சொல்லும் திருகுதான் கெயின். சில பெட்டிகளில் அதற்குப் பக்கத்தில் "ட்ரிம்" என்றும், சிலவற்றில் "இன்புட் லெவல்" என்றும் எழுதியிருக்கும். மூன்றும் ஒன்றுதான்.

ப்ரீஆம்பைத் தாண்டிய குரல் அந்தச் சானலின், அதாவது மிக்ஸரில் அந்த மைக்குக்கு உரிய வழியின், ஃபேடருக்கு வருகிறது. ஃபேடர் என்பது ஒவ்வொரு மைக்குக்கும் தனித்தனியாக உள்ள வால்யூம். சில பெட்டியில் நீளமாகத் தள்ளும் கட்டை, சிலவற்றில் திருகு. பிறகு எல்லாக் குரலும் கலந்து மாஸ்டருக்குப் போகும். மாஸ்டர் என்பது மொத்தத்துக்குமான வால்யூம். அதன் பிறகு ஸ்பீக்கரை ஓட்டும் அளவுக்குப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர், கடைசியாக ஸ்பீக்கர். டிராலி பெட்டியில் இது எல்லாமே ஒரே கூட்டுக்குள் இருக்கும். வெளியே மூன்று திருகுதான் தெரியும் என்பதால் உள்ளே ஒரே ஒரு படிதான் என்று தோன்றிவிடுகிறது.

மைக் ஓட்டையும் லைன் ஓட்டையும் வேறு வேறாக இருப்பதன் காரணமும் இதுதான். செல்போன், கீபோர்டு போன்றவை ஏற்கெனவே ஒரு வோல்ட்டை ஒட்டிய அளவில் மின்சாரம் தருபவை. இந்த அளவுக்கு லைன் என்று பெயர். செல்போன் வயரை மைக் ஓட்டையில் செருகிக் கெயினையும் ஏற்றி வைத்தால், பெரிதாக வந்ததை இன்னும் நூறு மடங்கு பெருக்கச் சொல்கிறோம். உடனே கிழியும். மைக்கை லைன் ஓட்டையில் செருகினால் பெருக்கமே நடக்காது, எலி கத்துவது போலக் கேட்கும். "மைக் போச்சு" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன்னால் எந்த ஓட்டையில் செருகியிருக்கிறோம் என்று ஒருமுறை பாருங்கள். பக்கத்திலேயே மைக், லைன் என்று மாற்றும் சின்ன சுவிட்ச் இருந்தால் அதையும் பாருங்கள்.

## கெயின் வைக்கும் முறை

முதலில் மாஸ்டரை முழுக்கக் குறைத்துவிடுங்கள். இப்போது பெட்டியிலிருந்து சத்தம் வராது. அது வேண்டியதில்லை, பார்க்கப் போவது விளக்கைத்தான். பெரும்பாலான பெட்டிகளில் கெயின் பக்கத்தில் பச்சையும் சிவப்புமாக ஒரு சின்ன விளக்கு இருக்கும். பச்சை எரிந்தால் குரல் உள்ளே வருகிறது, சிவப்பு மினுக்கினால் மேல்நிலையில் இடிக்கிறது அல்லது இடிக்கும் தறுவாயில் இருக்கிறது.

பாடுகிறவரை அவர் பாடப்போகும் பாட்டிலேயே மிக உச்சமான இடத்தைப் பாடச் சொல்லுங்கள். "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ" எதற்கும் உதவாது. யாரும் அந்தக் குரலில் கச்சேரி செய்வதில்லை. வள்ளி திருமணம் நாடகத்தில் ராஜபார்ட் மேடைக்கு வந்து எடுக்கும் முதல் உச்சத்தை நினைத்துப் பாருங்கள். மாலை ஐந்து மணிக்குச் சோதனைக்காக அவர் "ஹலோ" சொன்ன குரலுக்கும் இரவு எடுக்கும் குரலுக்கும் எவ்வளவு தூரம்! ஒத்திகையில் பாடியதைவிட நிகழ்ச்சியில் எல்லோரும் உரக்கத்தான் பாடுவார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் வரும் தெம்பு அது. அதற்கு இடம் விட்டே வைக்க வேண்டும்.

உச்சத்தைப் பாடும்போது கெயினை மெல்ல ஏற்றுங்கள். சிவப்பு எட்டிப்பார்க்கும் இடம் வரும். அங்கிருந்து கொஞ்சம் பின்னால் வாருங்கள், சிவப்பு அறவே வராமல், உச்சத்திலும் பச்சையே நிற்கும் வரை. அங்கே நிறுத்திவிடுங்கள். விளக்குகள் வரிசையாக எண்களோடு இருக்கும் டிஜிட்டல் மிக்ஸர் என்றால் உச்சம் மைனஸ் 10 டெசிபலை ஒட்டி நிற்கும்படி வைத்தால் போதும். அதில் பூஜ்யம்தான் கூரை, அதற்கு மேல் ஒன்றும் கிடையாது.

டெசிபல் என்ற சொல்லையும் இங்கேயே முடித்துவிடுவோம். அது ஒன்றைவிட ஒன்று எத்தனை மடங்கு என்று சொல்லும் கணக்கு. 6 டெசிபல் கூடினால் வோல்ட் இரண்டு மடங்கு, 20 டெசிபல் கூடினால் பத்து மடங்கு. காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும். இந்தக் கட்டுரைக்கு இது போதும்.

அப்புறம் ஃபேடரை அதில் பூஜ்யம் என்று குறித்திருக்கும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். அந்தப் பூஜ்யத்துக்குப் பொருள் "கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை" என்பது. கடைசியாக மாஸ்டரை மெதுவாக ஏற்றி இடத்துக்கு ஏற்ற சத்தத்தில் நிறுத்துங்கள். இதற்குப் பிறகு நிகழ்ச்சி முடியும் வரை கெயினைத் தொட வேண்டியதே வராது. ஒருவர் குரல் கூட வேண்டும், ஒருவர் குரல் குறைய வேண்டும் என்றால் ஃபேடர் இருக்கிறது.

ஆள் மாறினால் மட்டும் கெயினை மறுபடி பாருங்கள். நான் முதலில் சொன்ன வீட்டில் நடந்தது அதுதான். எங்களுக்கு முன்னால் அதே மைக்கில் ஒரு பெரியவர் மெல்லிய குரலில் வாழ்த்துரை சொன்னார். அவருக்காகக் கெயினை முக்கால்வாசிக்கு மேல் ஏற்றியிருந்தேன். அடுத்து எங்கள் குழுவின் உரத்த குரல்காரர் அதே மைக்கை வாங்கினார். சிவப்பு விளக்கு விடாமல் எரிந்துகொண்டிருந்தது. நான் அதன் பக்கமே திரும்பாமல் மாஸ்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

மிருதங்கம், டோலக் போன்றவற்றுக்கு இன்னும் கூடுதலாக இடம் விடுங்கள். விரல் படும் அந்த ஒரு நொடியில் ஒலி சட்டென்று குத்தி எழுந்து உடனே அடங்கிவிடும், விளக்கு அதைக் காட்டுவதற்குள் தலை இடித்து முடிந்திருக்கும். தவிலுக்கு வீட்டுக்குள் மைக்கே வேண்டாம். நையாண்டி மேளக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் இதை நான் விட்டுக்கொடுப்பதில்லை.

கார்ட்லெஸ் மைக்கில் ஒன்று கவனிக்க வேண்டும். கைப்பிடிக்குள்ளோ இடுப்பில் மாட்டும் பெட்டியிலோ அதற்கென்று தனியாக ஒரு கெயின் இருக்கலாம். அந்த மைக்கின் ஒலியை வாங்கி மிக்ஸருக்குத் தரும் ரிசீவரின் பின்புறம் வெளியே அனுப்பும் அளவுக்கு இன்னொரு திருகு இருக்கலாம். அதாவது மிக்ஸருக்கு வருவதற்கு முன்பே குரல் இரண்டு வாசலைத் தாண்டுகிறது. மிக்ஸரில் சிவப்பே இல்லை, ஆனாலும் குரல் கிழிகிறது என்றால் முதல் வாசலில் போய்ப் பாருங்கள்.

சுருக்கமாக: மாஸ்டர் கீழே, உச்சக் குரலில் பாடச் சொல்லி, சிவப்பு தெரியும் இடத்திலிருந்து பின்வாங்கி, ஃபேடர் பூஜ்யத்தில், கடைசியில் மாஸ்டர். ஆள் மாறினால் கெயின் மட்டும் மறுபடி.

## பாடகர் கையில் இருக்கும் கெயின்

மிக்ஸரில் எவ்வளவு அருமையாக வைத்தாலும், மைக் பிடிக்கிறவர் அதை ஒரே அசைவில் மாற்றிவிட முடியும். வாயிலிருந்து மைக் இருக்கும் தூரம் இரண்டு மடங்கானால் அதில் படும் ஒலி பாதியாகிவிடும். இரண்டு அங்குலத்தில் பிடித்ததை நான்கு அங்குலத்துக்கு நகர்த்தினால் 6 டெசிபல் போயிற்று. எட்டு அங்குலத்துக்குப் போனால் 12. மேடைப் பேச்சாளர்கள் மைக்கை மார்புக்கு நேரே பிடித்துக்கொண்டு "ஏத்துங்க" என்று சைகை காட்டுவார்கள். ஏற்ற வேண்டியது அவர் கை.

பழகிய பாடகர்கள் உச்சத்துக்குப் போகும்போது மைக்கைக் கொஞ்சம் விலக்குவார்கள், மெல்லிய இடத்தில் கிட்டே கொண்டுவருவார்கள். நல்ல பழக்கம்தான். ஒரு கை தூரத்துக்கு விலக்குவதுதான் தப்பு. இரண்டு மூன்று அங்குல அசைவே போதும்.

மைக்கின் உருண்டைத் தலையைக் கையால் பொத்திப் பிடிப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். பெரும்பாலான மேடை மைக்குகள் முன்னால் வரும் குரலை நன்றாகக் கேட்டு, பின்னால் வருவதைக் கேளாமல் விடும்படி செய்யப்பட்டவை. பின்பக்கத்து ஒலியும் உள்ளே நுழைந்து ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்படி தலைக்குக் கீழே திறப்புகள் வைத்திருப்பதால்தான் அப்படி நடக்கிறது. கையால் அந்தத் திறப்புகளை மூடினால் மைக் எல்லாப் பக்கமும் கேட்கத் தொடங்கிவிடும். ஸ்பீக்கர் சத்தமும் உள்ளே வரும். அடுத்த நொடி, கொய்ங்.

## ஊளை ஏன் வருகிறது

கோயில் திருவிழாவில் ஒருவர் சொன்ன பேச்சு தெருவெல்லாம் சுற்றி, கூடிக்கொண்டே போய், அவர் காதுக்கே திரும்பி வருவதைப் பார்த்திருப்பீர்கள். மைக்கிலிருந்து போன குரல் ஸ்பீக்கரில் வெளியே வருகிறது, அதில் ஒரு பகுதி மறுபடி மைக்குக்குள் போகிறது. ஒவ்வொரு சுற்றிலும் போனதைவிடக் குறைவாகத் திரும்பி வந்தால் அது தானே அடங்கிவிடும். போன அளவே திரும்பி வந்தால் சுற்று நிற்காது. கூடுதலாக வந்தால் கண் மூடித் திறப்பதற்குள் ஊளையாகிவிடும். இதற்கு ஃபீட்பேக் என்று பெயர்.

மைக் மட்டமானது என்பதால் ஊளை வருகிறது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பெரும்பாலும் காரணம் அதுவல்ல. ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது, மைக் எங்கே இருக்கிறது, வாய் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற மூன்றும்தான் காரணம். ஸ்பீக்கரைப் பாடுகிறவர்களுக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து வையுங்கள். மைக்கின் முதுகு ஸ்பீக்கரைப் பார்க்கட்டும். பேசாத மைக்கின் ஃபேடரை இறக்கி வையுங்கள். திறந்திருக்கும் மைக் இரண்டு மடங்கானால் ஊளை வருவதற்கு முன் நமக்குக் கிடைக்கும் இடம் 3 டெசிபல் குறையும். நான்கு மைக் திறந்து கிடந்து ஒருவர் மட்டும் பாடுவது வீண்.

எங்கள் பக்கத்து வீடுகளில் இது இன்னும் கடினம். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர், கையால் தடவினால் கண்ணாடி மாதிரி இருக்கும். கீழே ஆத்தங்குடிக் கல், சில வீட்டில் இத்தாலிச் சலவைக்கல். சுற்றிலும் பர்மா தேக்குத் தூண். கண்ணுக்கு இவ்வளவு அழகு, ஒலிக்கு இவ்வளவு கஷ்டம். வழுவழுப்பான கெட்டிப் பரப்பு எதுவும் ஒலியை விழுங்காது, அப்படியே திருப்பி அனுப்பும். ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டுகிடக்கும் வீடுகள் இவை. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். 34 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் பட்டுத் திரும்ப 0.2 நொடி ஆகும். அதற்குள் பாடகர் அடுத்த அசைக்குப் போயிருப்பார். முந்தைய சொல்லின் வாலும் அடுத்த சொல்லின் தலையும் ஒன்றின்மேல் ஒன்று விழும். அந்த ஆச்சிக்குச் சொல் வராததற்கு இது இரண்டாவது காரணம்.

இந்த இடத்தில் வால்யூமைக் கூட்டினால் திரும்பி வரும் ஒலியும் அதே அளவு கூடும், தெளிவு ஒரு மாற்றும் கூடாது. செய்ய வேண்டியது வேறு. ஸ்பீக்கரை நீளவாட்டத்தில் எதிர்ச்சுவரைப் பார்த்து வைக்காமல், உட்கார்ந்திருக்கும் ஜனங்களைப் பார்த்துக் கொஞ்சம் கீழே சாய்ந்தாற்போல் வையுங்கள். மனித உடம்பும் உடுத்திய துணியும் ஒலியை நன்றாக விழுங்கும். வளவின் நடுவில் வானம் தெரியும் முற்றம் இருந்தால் அது வரப்பிரசாதம், மேலே போன ஒலி திரும்பி வராது. மழைக்காக அதன் மேல் தகடு போட்டு மூடியிருந்தால் அந்த நன்மை போயிற்று. பெரிய பெட்டி ஒன்றுக்குப் பதில் சின்னப் பெட்டி இரண்டை ஆட்களுக்குப் பக்கத்தில் வைத்துக் குறைந்த சத்தத்தில் ஓட்டினால் சொல் தெளிவாகக் கேட்கும். எக்கோ திருகைப் பூஜ்யத்தில் வைத்துவிடுங்கள். வீடே எக்கோ போட்டுக்கொண்டிருக்கிறது.

இந்தப் பகுதியின் சாரம்: ஊளை என்பது ஒரு சுற்று. அதை உடைக்க இடத்தையும் தூரத்தையும் மாற்றுங்கள். கெட்டிச் சுவருள்ள இடத்தில் பெட்டியை ஆட்களுக்குப் பக்கத்தில் வைத்துச் சத்தத்தைக் குறைத்தால்தான் சொல் வெளியே வரும்.

## திறந்த வெளியில்

பொட்டலிலோ பாதயாத்திரை வழியிலோ நிலைமை தலைகீழ். திருப்பி அனுப்பச் சுவர் இல்லை, ஆகவே தெளிவு நன்றாக இருக்கும். ஆனால் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறைந்துகொண்டே போகும். பத்தடியில் காதைத் துளைப்பது எண்பதடியில் மெலிந்துவிடும். பெட்டியைத் தரையில் வைத்தால் முதல் இரண்டு வரிசை உடம்பே எல்லாவற்றையும் விழுங்கிவிடும். ஸ்டாண்டில் ஏற்றித் தலைகளுக்கு மேலே வையுங்கள்.

வாட்ஸ் பார்த்து ஏமாற வேண்டாம். 100 வாட்ஸ் பெட்டிக்குப் பதில் 200 வாட்ஸ் வாங்கினால் கிடைப்பது 3 டெசிபல்தான், காதுக்கு "கொஞ்சம் கூடியிருக்கு" என்று தோன்றும் அளவு. பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண் பெரும்பாலும் ஒரு கணம் மட்டும் தாங்கும் உச்ச அளவு. தொடர்ந்து தாங்கும் அளவு உள்ளே சின்ன எழுத்தில் இருக்கும்.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் பொதுவாக ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. பகலில் வைப்பதற்கும் அனுமதி வாங்க வேண்டும். குடியிருப்புப் பகுதிக்கு அந்த விதி சொல்லும் அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45.

## சாமானைக் கையாளும்போது

இயக்கும்போது மிக்ஸர் முதலில், ஸ்பீக்கர் கடைசியில். அணைக்கும்போது ஸ்பீக்கர் முதலில், மிக்ஸர் கடைசியில். மாற்றிச் செய்தால் "டொப்" என்று ஓர் அடி கேட்கும். அந்த அடி, ஸ்பீக்கரில் அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பான கோன்மேல் விழும் அடி. கிழிந்த ஒலியைத் தொடர்ந்து ஓட்டினால், கீச்சென்ற கூர்மையான ஒலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் சூடேறி எரிந்துவிடும். ஆகவே சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொள்வது காசையும் காப்பாற்றும்.

"ம்ம்ம்" என்று விடாமல் ஓர் உறுமல் கேட்டால் அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் குரல். மிக்ஸர் ஒரு பிளக்கிலும் பெட்டி தூரத்தில் வேறொரு பிளக்கிலும் இருந்தால் இது வரும். எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து எடுங்கள். சீரியல் லைட் ஓடும் வயரில் சேர்க்காதீர்கள். மைக் கேபிளையும் மின்சார வயரையும் ஒன்றாகச் சுற்றி ஓடவிடாதீர்கள், குறுக்கே தாண்டுவதாக இருந்தால் நேர்க்குறுக்காகத் தாண்டட்டும். உறுமலை நிறுத்த எர்த் பின்னை வெட்டிவிடும் பழக்கம் ஒன்று உண்டு. அதைச் செய்யவே செய்யாதீர்கள். ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று உலோக மைக்கை உதட்டருகே பிடிக்கும் ஒருவரின் உயிர் அந்தப் பின்னில் இருக்கிறது.

கேபிளை முழங்கையில் சுற்றினால் உள்ளிருக்கும் கம்பி முறுக்கிக்கொண்டு ஒருநாள் நடுப்பாட்டில் அறும். தரையில் பெரிய வட்டமாக, அது எப்படி விழ விரும்புகிறதோ அப்படிச் சுருட்டுங்கள். லித்தியம் பேட்டரிப் பெட்டியைச் சித்திரை வெயிலில் காருக்குள் பூட்டி வைக்காதீர்கள். பல நாள் சும்மா கிடக்கப் போகிறது என்றால் பாதிச் சார்ஜில் வையுங்கள். பழைய ஈயப் பேட்டரி என்றால் அதற்கு நேர்மாறு, முழுச் சார்ஜ் ஏற்றித்தான் வைக்க வேண்டும்.

நிகழ்ச்சி நடுவில் சிவப்பு எரியத் தொடங்கினால் பதற வேண்டாம். கெயினைக் கொஞ்சம் இறக்குங்கள், அதே அளவுக்கு அந்த ஃபேடரை ஏற்றுங்கள். கூட்டத்துக்குச் சத்தம் மாறியது தெரியாது, கிழிசல் மட்டும் போய்விடும். பள்ளத்தூரில் போன ஆவணியில் ஒரு வீட்டில் இப்படித்தான் இரண்டாவது பாட்டுக்கு நடுவே சரிசெய்தேன். பாடிக்கொண்டிருந்தவருக்குக்கூடத் தெரியாது. வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமி அதுவரை விளையாடிக்கொண்டிருந்தவள், கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு அடுத்த அடியைக் கூடவே பாடத் தொடங்கினாள்.